சுழி அடையாத நிப்பு: முதல் இங்க் பேனா வாங்கப் போகிறவர்களுக்கு

இங்க் பேனா வாங்க வேண்டும், எது நல்லது என்று யாராவது கேட்டால், விலையும் கம்பெனியும் பேசுவதற்கு முன்னால் ஒரு தாளை நீட்டுவேன். "இ, ஜ, ஞா, ணை. இந்த நாலையும் நீங்கள் வழக்கமாக எழுதுகிற அளவிலேயே எழுதிக் காட்டுங்கள்." கேட்டவர் கொஞ்சம் முழிப்பார். ஜோசியமா பார்க்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டே விட்டார். அந்த நாலு எழுத்துக்குள் இருக்கும் சுழிகள் எவ்வளவு சின்னதாக விழுகின்றன என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். மீதிப் பாதி அவர் எந்த நோட்டில் எழுதுகிறார் என்பதில் இருக்கிறது. பேனாவின் உடம்பு, நிறம், கிளிப்பில் இருக்கும் அம்புக்குறி எல்லாம் அதற்கப்புறம்தான்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இங்க் பேனா பற்றிப் படிக்கக் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஆங்கில எழுத்தை மனதில் வைத்துச் சொன்னவை. மீடியம் நிப்பு வாங்குங்கள், வழுக்கிக்கொண்டு போகும் என்பார்கள். ஆங்கிலத்துக்குச் சரி. அதே நிப்பால் 'கணினி' என்று எழுதிப் பாருங்கள். ணகரத்தின் சுழிகள் மையால் அடைந்து, எறும்பு நசுங்கின மாதிரி இருக்கும். தமிழில் குறிப்பு எடுப்பவருக்கு நிப்பின் பருமன்தான் முதல் கேள்வி.

பேனாவுக்குள் என்ன நடக்கிறது

சாதாரண இங்க் பேனாவுக்குள் எழுதும்போது அசைகிற பாகம் எதுவும் கிடையாது. நிப்பைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நுனியிலிருந்து நடுவே ஒரு மெல்லிய பிளவு மேலே போகும். பெரும்பாலும் அது ஒரு சின்ன ஓட்டையில் முடியும். நிப்புக்கு அடியில் ஒட்டினாற்போல் கறுப்பாக ஒரு கட்டை இருக்கும். பள்ளியில் நாங்கள் அதை நாக்கு என்போம். நிப்பையும் நாக்கையும் பிடித்துக்கொண்டிருக்கிற, நாம் விரல் வைக்கிற பகுதி கழுத்து.

நாக்கின் முதுகில் நூலிழை போல ஒரு வாய்க்கால் ஓடும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே வேலைதான் இங்கேயும் நடக்கிறது. பள்ளியில் நுண்புழை ஏற்றம் என்று படித்திருப்பீர்கள். குறுகலான இடத்தைப் பார்த்தால் திரவம் தானாக அதற்குள் புகுந்துகொள்ளும். மை வாய்க்கால் வழியாக வந்து நிப்பின் பிளவில் புகுந்து நுனியில் வந்து நிற்கும். அங்கிருந்து கொட்டாது. தாளைத் தொட்டதும் தாளின் நார்கள் அதை இழுத்துக்கொள்ளும். நாம் எழுதுகிறோம் என்பதைவிட, தாள் உறிஞ்சுகிறது என்பதுதான் நடப்பு.

ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் விக்கி விக்கித்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக ஊற்றும். பேனாவுக்கும் அப்படித்தான். வெளியே போன மைக்கு ஈடாக உள்ளே காற்று போக வேண்டும். மை வருகிற வழியிலேயே காற்றும் போக ஏற்பாடு செய்வதுதான் நாக்கின் சாமர்த்தியம். இதை ஓரளவு ஒழுங்காகச் செய்த நாக்குக்கு நியூயார்க்கின் லூயிஸ் வாட்டர்மேன் 1884ல் காப்புரிமை பெற்றார். இன்றைய பேனாக்களில் நாக்கின் அடிப்பக்கம் சீப்புப் பல் மாதிரி வெட்டு வெட்டாக இருப்பதைப் பார்க்கலாம். கொஞ்சம் கூடுதலாக மை வந்துவிட்டால் தாளில் சொட்டாமல் அந்தப் பற்களுக்கிடையே தங்கி நிற்கும்.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது: இங்க் பேனாவை அழுத்தவே வேண்டியதில்லை. பால் பாயிண்ட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை கொண்டது. ஹங்கேரியின் லாஸ்லோ பிரோ 1938ல் காப்புரிமை பெற்றது அப்படிப்பட்ட கெட்டி மையை ஒரு சின்னக் குண்டு உருட்டித் தள்ளும் பேனாவுக்குத்தான். குண்டு உருள வேண்டுமானால் அழுத்த வேண்டும். இருபது, முப்பது வருடம் அதில் எழுதிப் பழகிய கை இங்க் பேனாவையும் அழுத்தும். அழுத்தினால் பிளவு விரியும், எழுத்து பட்டையாகும், சில மாதத்தில் பிளவின் இரு பக்கமும் இருக்கிற நிப்பின் இரண்டு பற்களும் ஒன்றுக்கொன்று ஏறி இறங்கி நின்றுவிடும். அப்புறம் பேனா கீறுகிறது என்று புகார். பேனாவைத் தாள்மேல் படுக்க வைத்த மாதிரி, சுமார் 45 டிகிரி சாய்வில், அதன் சொந்த எடை மட்டும் தாளில் இறங்கும்படி பிடித்தால் போதும். பழக ஒரு வாரம் ஆகும். பழகிவிட்டால் மணிக்கணக்கில் எழுதினாலும் கட்டைவிரல் கடுக்காது. நான் திரும்ப இங்க் பேனாவுக்கு வந்ததே அந்தக் கடுப்பினால்தான். அழகு, பழைய நினைவு என்றெல்லாம் சொன்னால் பொய்.

எவ்வளவு பருமன்

நிப்புகளில் எக்ஸ்ட்ரா ஃபைன், ஃபைன், மீடியம், பிராட் என்று நாலு அளவு சாதாரணமாகக் கிடைக்கும். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஜப்பான் கம்பெனிகளின் ஃபைன், ஜெர்மன் கம்பெனிகளின் ஃபைனைவிட ஏறக்குறைய ஒரு படி மெலிது. ஜப்பானியர் கஞ்சி என்கிற சிக்கலான எழுத்துகளைச் சின்னக் கட்டத்துக்குள் எழுத வேண்டியவர்கள். அவர்கள் கஷ்டமும் நம் ணகரக் கஷ்டமும் ஒரே ஜாதி. அதனால் தமிழுக்கு ஜப்பான் ஃபைன் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஐரோப்பியப் பேனா என்றால் எக்ஸ்ட்ரா ஃபைன் கேளுங்கள். கோடு போட்ட நோட்டில் பெரிதாக எழுதுகிறவராக இருந்தால் ஐரோப்பிய ஃபைனும் சரிதான். மீடியம் நிப்பை நான் கையெழுத்துக்கும் கடித உறையில் முகவரி எழுதுவதற்கும் மட்டும் வைத்திருக்கிறேன்.

அதற்காக ஊசி மாதிரி நிப்பைத் தேடிப் போகவும் வேண்டாம். நிப்பு மெலிய மெலிய, தாளின் சொரசொரப்பு கைக்குத் தெரியும். மட்டமான தாளில் நாரைக் கிளப்பும். அந்த நார் பிளவில் மாட்டிக்கொண்டு எழுத்தெல்லாம் மீசை முளைக்கும்.

கடையில் எழுதிப் பார்க்க விட்டால், எல்லோரும் செய்கிற மாதிரி முதலில் பிள்ளையார் சுழி போடுங்கள். அது நல்ல சோதனையும்கூட. சுழித்து, கீழிறங்கி, வலப்பக்கம் நீளும் அந்த ஒரே இழுப்பில் நிப்பு மூன்று திசையிலும் போய்விடுகிறது. எந்தத் திசையில் கீறுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அடுத்து 'க், ங், ச், ஞ்' என்று மெய்யெழுத்துகளாக ஒரு வரி எழுதுங்கள். தமிழில் புள்ளி நிறைய. ஒவ்வொரு புள்ளிக்கும் பேனாவைத் தூக்கி, லேசாகத் தொட்டு எடுக்கிறோம். நுனியை அளவுக்கு மீறி உருட்டி மெருகேற்றிய நிப்புகளில், பிளவின் வாய் தாளைத் தொடாமல் ஒரு மயிரிழை உயரத்தில் நின்றுவிடும். இழுத்து எழுதும்போது தெரியாது. புள்ளி வைக்கும்போது மட்டும் மை வராது. ஆங்கிலம் எழுதிப் பார்த்து வாங்கியவர் வீட்டுக்கு வந்து தமிழ் எழுதும்போதுதான் 'அம்மா' 'அமமா' ஆவதைப் பார்ப்பார். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைத்தால் ஓலை ஓட்டையாகும் என்று எழுத்தாணிக்காரர்கள் புள்ளியை விட்டுவிட்டார்கள் என்பார்கள். என் பேனாவும் அந்த மரபைச் சேர்ந்தது போல.

தங்க நிப்பு வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். அந்தக் கால மைகளில் அமிலம் அதிகம். சாதாரண எஃகு அரித்துப்போகும், தங்கம் அரிக்காது. இன்றைய துருப்பிடிக்காத எஃகும் இன்றைய மையும் சண்டை போட்டுக்கொள்வதில்லை. தாளைத் தொடுகிற நுனி இரண்டிலுமே வேறு ஒரு கடினமான உலோகக் கலவைதான். அந்தக் குட்டி உருண்டையை இன்றும் பழக்கத்தில் இரிடியம் என்கிறார்கள். தங்க நிப்புக்குக் கொடுக்கும் பணத்தில் பத்து வருடத்துக்கு நல்ல நோட்டு வாங்கலாம்.

மை நிற்கும் இடம்

நம் ஊரில் இங்க் பேனா என்றாலே கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லர் என்கிற சொட்டுக்குழாயால் நேராக உடம்புக்குள் மை ஊற்றுவதுதான். அளவைப் பொறுத்து 2 முதல் 4 மில்லி வரை பிடிக்கும். ஒருமுறை நிரப்பினால் வாரக்கணக்கில் கவலை இல்லை. கெட்டுப்போகப் பாகமும் இல்லை. இத்தனை நல்லது இருந்தும் இந்தப் பேனாக்களுக்குக் கெட்ட பெயர் வரக் காரணம் ஒன்றே: கக்கும்.

ஏன் கக்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. முக்கால்வாசி மை தீர்ந்த பிறகுதான் கக்கும், கவனித்திருக்கிறீர்களா? மை இருந்த இடத்தில் இப்போது காற்று இருக்கிறது. கையின் சூடு பேனாவின் சுவர் வழியாக அந்தக் காற்றில் ஏறும். சூடான காற்று விரியும். விரிய இடமில்லாமல் மையைக் கீழே தள்ளும். நாக்கால் அவ்வளவையும் தாங்க முடியாமல் நோட்டில் ஒரு பெரிய சொட்டு விழும். பேனா நிறைய மை இருக்கும்போது விரியக் காற்றே இல்லை, அதனால் சாதுவாக இருக்கும். ஆகவே மருந்தும் எளிது. மூன்றில் ஒரு பங்கு மை மிச்சமிருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். சட்டைப்பையில் நிப்பு மேலே பார்க்க வையுங்கள், உடம்புச் சூட்டில் காற்று விரிந்தாலும் மை வழியாமல் காற்று மட்டும் வெளியே போகும். இந்த ரெண்டு வரி தெரியாமல் எத்தனை வெள்ளைச் சட்டைகள் போயின. என்னுடையது ஒன்று, நேர்முகத் தேர்வுக்குப் போகிற வழியில், நெரிசலான பஸ்ஸில் போனது. இதயத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு நீலம். உள்ளே போய் உட்கார்ந்தபோது ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடியே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னேன்.

கழுத்துத் திருகு வழியாகவும் கசியலாம். அதற்குக் கொஞ்சம் சிலிகோன் கிரீஸைத் திருகு மரையில் தடவினால் போதும். வாஸ்லின் தடவுவார்கள்; சில பிளாஸ்டிக்குகளையும் ரப்பர் வளையங்களையும் அது நாளடைவில் கெடுக்கும் என்பதால் நான் விட்டுவிட்டேன்.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடலாம். கார்ட்ரிட்ஜ் என்பது மை நிரப்பி அடைத்த குட்டிக் குழாய். தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செருக வேண்டும். வசதி, ஆனால் மைக்கான செலவு பல மடங்கு. கன்வர்ட்டர் என்பது அதே இடத்தில் செருகும் சின்ன உறிஞ்சுகுழல். நிப்பைப் புட்டிக்குள் முக்கித் திருகினால் மையை இழுத்துக்கொள்ளும். அரை முதல் ஒரு மில்லி பிடிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதுகிற எனக்கு ஒரு வாரம் வருகிறது. கக்கும் தொல்லை அநேகமாக இல்லை. அலுவலகத்துக்கு எடுத்துப் போகிற பேனாவென்றால் கன்வர்ட்டரும், மேஜையை விட்டு நகராத பேனாவென்றால் ஃபில்லரும் என் வழக்கம்.

மையும் தாளும்

இங்க் பேனாவின் மை, தண்ணீரில் சாயம் கரைத்தது. இந்த ஒரு விஷயம் நினைவிருந்தால் பெரிய தப்பு எதுவும் நடக்காது. ஓவியத்துக்கு விற்கிற இந்தியன் இங்க், அக்ரிலிக் மை இவற்றை ஊற்றவே கூடாது. அரக்கும் பசையும் கலந்தவை நாக்கின் வாய்க்காலுக்குள் காய்ந்து இறுகிவிடும். அதன்பிறகு பேனா அலங்காரப் பொருள்தான்.

முதல் புட்டிக்கு நீலம் வாங்குங்கள். பிரில், கேம்லின் எதுவானாலும் சரி. மலிவு, பேனாவுக்குத் தொந்தரவு தராது, துணியில் பட்டால் ஓரளவு போகும். கேரளத்திலிருந்து வரும் கிருஷ்ணா மாதிரி அழகழகான நிற மைகளுக்கு மெல்லப் போகலாம். துவைத்தால் போகும் ராயல் புளூ, மழையில் நனைந்தாலும் போகும் என்பதை மறக்க வேண்டாம். செக்கு, பத்திரம், விண்ணப்பம் இவற்றில் அந்த மையைத் தொடாதீர்கள். அழியாத மை என்று போட்டு விற்பதைத் தனியாக ஒரு பேனாவில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பச்சை மை. உங்களுக்குப் பிடித்தால் டைரியில் தாராளமாக எழுதுங்கள். அரசு அலுவலகத்தில் நீட்டும் காகிதத்தில் மட்டும் வேண்டாம். கெசட்டட் அதிகாரிகளின் நிறத்தில் நாம் கையெழுத்துப் போட்டால் கவுண்டரில் ஒரு பார்வை விழும்.

மினுமினுப்புத் துகள் கலந்த மைகளும், இரும்பு உப்பு சேர்ந்த பழைய பாணி மைகளும் உண்டு. இரண்டாவது வகை எழுதும்போது வெளிறி, காற்றுப் பட்டுக் கறுத்து, தண்ணீருக்கும் அசையாமல் நிற்கும். நல்ல மைதான், ஆனால் பேனாவுக்குள் வாரக்கணக்கில் காயவிடக் கூடாது. முதல் வருடம் இவை வேண்டாம்.

மைக்குப் பணம் செலவழிப்பவர்களும் தாளில் கஞ்சத்தனம் காட்டுவதைப் பார்க்கிறேன். நல்ல பேனா, மட்டமான தாள் என்பது நல்ல அரிசி, ஓட்டைப் பானை மாதிரி. தாள் செய்யும்போது நீர் சட்டென்று ஊறாமலிருக்கப் பசைப் பொருள் சேர்ப்பார்கள். அது குறைவாக இருக்கிற தாளில் மை நார் வழியாகப் பரவி, எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடிக்கும். மறுபக்கத்துக்கும் ஊறும். இந்தப் பசையைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்கிற கணக்கும் முழு உண்மை சொல்லாது. 60 கிராம் தாள் ஒன்று மையைத் தாங்குவதும், கனமான 100 கிராம் தாள் ஊறிப்போவதும் உண்டு. புத்தாண்டுக்கு நகைக்கடையில் கொடுக்கிற ஓசி டைரி சில வருடம் அருமையாக இருக்கும், சில வருடம் மளிகைக் கணக்குக்கே லாயக்கில்லை. எழுதிப் பார்ப்பதுதான் ஒரே வழி. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள், ஒரு சின்னக் கட்டத்தைக் குறுக்குக் கோடுகளால் நிரப்புங்கள், ஒரு நிமிடம் கழித்துத் திருப்பிப் பாருங்கள்.

செலவில்லாமல் நல்ல தாள் வேண்டுமானால் ஜெராக்ஸ் கடைத் தாளிலேயே தேடலாம். கரூர் பக்கம் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. டி.என்.பி.எல். என்று போட்டிருக்கும் 80 கிராம் கட்டு வாங்கி, பாதியாக வெட்டி, பைண்டிங் கடையில் ஸ்பைரல் போட்டுத்தான் நான் எழுதுகிறேன். கோடு இல்லை என்பது ஒன்றுதான் குறை. அடியில் கோடு போட்ட அட்டை ஒன்றை வைத்துக்கொண்டால் அந்தக் குறையும் இல்லை.

இடது கையால் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. எழுதிய வரியின் மேலேயே கை போவதால் ஈர மை இழுபடும். மெல்லிய நிப்பும், கொஞ்சம் உறிஞ்சுகிற தாளும் உங்களுக்குத்தான் அதிகம் தேவை. வழவழப்பான விலை உயர்ந்த தாளில் மை காய நேரமெடுக்கும், அது உங்களுக்கு எதிரி.

சரி, எதை வாங்குவது

முதல் பேனா கையில் இருந்தால் வாங்காதீர்கள். வீட்டு அலமாரியைத் துழாவுங்கள். அப்பாவின் ஹீரோ பேனா ஒன்று எங்காவது கிடக்கும். சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா கொடுத்தது, கல்யாணத்துக்கு வந்தது என்று ஒரு கதையும் அதோடு வரும். நிப்பின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்க்கும் ஷாங்காய் ஹீரோ பேனாக்கள், 1941ல் வந்த பார்க்கர் 51ன் சாயலில் செய்யப்பட்டவை. நிப்பு மூடியிருப்பதால், பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்கிறவர்களுக்கு மை சீக்கிரம் காயாது. கூட்டத்தில் உட்கார்ந்து அரை மணிக்கு ஒரு வரி குறிக்கிற எனக்கு இந்த அமைப்புப் பிடிக்கும். மை உறைந்து கிடந்தால் குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறப்போடுங்கள். வெந்நீர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும்.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால், பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிற கேம்லின் பேனாவில் தொடங்கினாலும் பாதகமில்லை. பிடிக்காவிட்டால் நஷ்டம் பெரிதல்ல. சில நூறு ரூபாய் செலவழிக்கலாம் என்றால் ஜப்பானின் பிளாட்டினம் பிரெப்பி என் முதல் சிபாரிசு. பார்க்கப் பிளாஸ்டிக் ஸ்கெட்ச் பேனா மாதிரிதான் இருக்கும். ஆனால் நிப்பின்மேல் 02, 03, 05 என்று பருமனையே எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். தமிழுக்கு 03, அதாவது ஃபைன், எடுங்கள். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த ஓர் உள்மூடி இருக்கிறது. அதனால் மாதக்கணக்கில் மறந்து போட்டு வைத்திருந்தாலும் திறந்தவுடன் எழுதுகிறது. பைலட் காகுனோவும் இதே மாதிரி நம்பகமானது. பிள்ளைகளுக்காகச் செய்தது, நிப்பில் ஒரு சிரித்த முகம் இருக்கும். பெரியவர்கள் கூச்சப்படத் தேவையில்லை, எழுதும்போது அது நமக்கு மட்டும்தான் தெரியும்.

ஆயிரங்களுக்குப் போனால் ஜெர்மனியின் லாமி சஃபாரி. 1980லிருந்து வருகிறது. கழுத்தை முக்கோணமாகச் செதுக்கி, விரல் இங்கேதான் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. உங்கள் விரல் இயல்பாகவே அங்கே உட்கார்ந்தால் வேறு பேனா தேட மாட்டீர்கள். உட்காராவிட்டால் ஒரு பக்கத்துக்குமேல் எழுத மாட்டீர்கள். ஆகவே பிடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். நிப்பைக் கழற்றி வேறு அளவு மாட்டிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய சௌகரியம்.

நம் பக்கத்துப் பேனாக்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சாத்தூர் என்றால் இன்று சேவும் வெள்ளரிக்காயும் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அங்கே வீட்டுக்கு வீடு பேனா நிப்பு செய்தார்கள். பால் பாயிண்ட் வந்து அந்தக் குடிசைத் தொழிலைச் சாய்த்துவிட்டது. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் ரத்னம் பேனா 1930களில் தொடங்கியது. உள்நாட்டிலேயே முழுதாகச் செய்த பேனா என்று காந்தி அதை ஏற்றுக்கொண்டு 1935ல் நன்றிக் கடிதம் எழுதினார். இன்று திருவள்ளூரில் ரங்கா பேனாக்கள் எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் கையாலேயே கடைந்து செய்யப்படுகின்றன. சென்னை பாரிமுனைப் பக்கம் ஜெம் அண்டு கோ கடையில் காமா பேனா கிடைக்கும். அங்கே போனால் நிப்பைச் சரிபார்த்துத்தான் கொடுப்பார்கள், எழுதிப் பார்த்தும் வாங்கலாம்.

எபோனைட் என்பது ரப்பரோடு நிறைய கந்தகம் சேர்த்து இறுக்கியது. புதிதில் லேசாகக் கந்தக வாசனை அடிக்கும். கையில் பிடித்தால் மரத்தைத் தொட்ட மாதிரி இருக்கும், வியர்வையிலும் வழுக்காது. சூட்டைச் சட்டென்று உள்ளே விடாது. அதனால் ஃபில்லர் பேனாவுக்கு இது பொருத்தமான உடம்பு, கக்குவது குறையும். நாக்கும் எபோனைட்டாக இருந்தால் மை அதில் நன்றாக ஒட்டி ஓடும். இவை அளவில் பெரியவை. பிடித்தால் வாழைப்பூத் தண்டு மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். சட்டைப்பைக்கு ஆகாது, மேஜைக்கு ராஜா. இரண்டாவது பேனாவாக வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் உங்கள் கைக்கு எந்த நிப்பு சரி என்பது முதல் பேனா சொல்லித் தந்த பிறகு கேட்டு வாங்கலாம்.

தினம் எழுதுவது

பேனாவைக் கெடுக்க எளிய வழி, எழுதாமல் வைத்திருப்பது. தினமும் நாலு வரி எழுதுகிற பேனாவுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. மாதம் ஒருமுறை, அல்லது மையின் நிறத்தை மாற்றும்போது, கழுத்தைக் குழாய்த் தண்ணீரில் நிறம் வருவது நிற்கும் வரைக்கும் கழுவி, ஒரு துணியில் நிப்பு கீழே பார்க்க இரவு முழுதும் நிறுத்தி வைத்தால் போதும். பரீட்சைக்கு முந்தின நாளும் சரஸ்வதி பூஜைக்கும் பேனாவைக் கழுவி வைத்த பழக்கம் சரியான பழக்கம்தான், வருடத்துக்கு ரெண்டு தடவை என்பது மட்டும் குறைவு.

மற்ற பள்ளிக்கூட வைத்தியங்களை மறந்துவிடுங்கள். எழுதாத பேனாவை உதறினால் முன்னால் உட்கார்ந்திருப்பவர் சட்டையில் பட்டதுதான் மிச்சம். பிளவில் பிளேடு விட்டால் ஒருமுறை எழுதும், அப்புறம் எப்போதும் பட்டைதான். நிப்பைப் பல்லால் கடித்து இழுத்ததெல்லாம் வேண்டவே வேண்டாம். புதுப் பேனா எழுதத் திணறினால் முதலில் ஒருமுறை கழுவுங்கள், தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய்ப் பிசுக்குதான் பெரும்பாலும் காரணம். கீறினால் ஒரு பூதக்கண்ணாடியில் நுனியைப் பாருங்கள். இரண்டு பற்களில் ஒன்று மேலே நிற்கும். மேலே நிற்கிற பல்லை நகத்தால் மிக மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு, கீழே தள்ளினால் சரியாகிவிடும். இதை விலை உயர்ந்த பேனாவில் கற்றுக்கொள்ளாதீர்கள்.

அவரவர் கைக்கு நிப்பு பழகிவிடும், மற்றவர் கையில் கொடுத்தால் கெட்டுவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நுனியின் உலோகம் ஒரு கையெழுத்துக்குத் தேய்கிற அளவு மென்மையானதில்லை. ஆனால் பால் பாயிண்ட் பழக்கத்தில் அழுத்தி எழுதுகிற ஒருவர் கையில் ஒரே கையெழுத்தில் பற்கள் விலகிப்போவது நடக்கக்கூடியது. வங்கியில் செலான் நிரப்ப, சார் ஒரு நிமிஷம் பேனா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். இல்லை என்று சொல்லவும் வாய் வராது. அவர்களுக்கென்றே பையில் ஒரு பால் பாயிண்ட் பேனா வைத்திருக்கிறேன். அது இதுவரை ஏழு தடவை தொலைந்திருக்கிறது.